பதக்கத்தைவிட வரைபடம் அதிகம் பேசும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெல்டிங், தச்சு போன்ற தொழில்களில் இளைஞர்கள் கைத்திறன் காட்டும் சர்வதேசத் தொழில்திறன் போட்டிகளின் பதக்கங்களையும் நினைவுப் பொருள்களையும் பற்றித் தங்கள் கடந்த இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓட்டப்பந்தய வீரருக்கும் கிரிக்கெட் வீரருக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கும் பத்திரிகை உலகில், வெல்டருக்கும் கொத்தனாருக்கும் நான்கு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காக நன்றி. ஆனால் கட்டுரை முழுக்கப் பதக்கத்தின் பளபளப்பையே சுற்றிவந்தது. வெல்டிங் கற்றுக்கொடுத்தே ஓய்வுபெற்றவன் நான். இந்தப் போட்டிகளில் மிஞ்சுகிற பொருள்களிலேயே மிகக் குறைவாகப் பேசுவது பதக்கம்தான் என்பது என் கட்சி.

முதலில் வரலாற்றில் விடுபட்ட ஒன்று. இன்று ‘வேர்ல்ட்ஸ்கில்ஸ்’ என்று அறியப்படும் போட்டி 1950இல் மாட்ரிட்டில் தொடங்கியது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் மட்டும் நாட்டுக்குப் பன்னிரண்டு பேராக 24 இளைஞர்களை நிறுத்தின. 1953இல் ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, மொராக்கோ ஆகியவை சேர்ந்துகொண்டன. 1958இல் பிரஸ்ஸல்ஸில் முதன்முறையாக ஸ்பெயினுக்கு வெளியே நடந்தது. ஆசியாவுக்கு வந்தது 1970இல், டோக்கியோவுக்கு. இந்த நெடுங்காலத்தில் போட்டியின் பெயர் ‘சர்வதேசத் தொழிற்பயிற்சிப் போட்டி’ என்பதுதான். ‘வேர்ல்ட்ஸ்கில்ஸ்’ என்ற பெயர் வெகு பிற்காலத்தது. ஆகவே தாத்தாவின் பெட்டியில் கிடைத்த பழைய பதக்கத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இது ஏதோ தொழிற்சாலை விழாவில் கொடுத்தது என்று பேரப்பிள்ளைகள் ஒதுக்கிவைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதற்கு எதிரான கூத்தும் உண்டு. ‘திறன் ஒலிம்பிக்’ என்று ஜப்பானிலும் கொரியாவிலும் செல்லமாக வழங்கும் பெயரை எடுத்துக்கொண்டு, ‘ஒலிம்பிக் பதக்கம்’ என்றே விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் டோக்கியோவில் தொடங்கிய ‘அபிலிம்பிக்ஸ்’ என்ற சர்வதேசத் தொழில்திறன் போட்டியோ முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே தட்டில் போட்டுக் குழப்பும் சேகரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி மதிப்பெண் விஷயம். தங்கள் கட்டுரை தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்றோடு முடித்துக்கொண்டது. நான்காவதாக ‘மெடாலியன் ஃபார் எக்ஸலென்ஸ்’ என்ற சிறப்புப் பதக்கம் இருக்கிறது. முதல் மூன்று இடங்களுக்குள் வராவிட்டாலும் குறிப்பிட்ட தரத்தைத் தொட்ட எல்லோருக்கும் அது உண்டு. பழைய போட்டிகளில் அந்த எல்லை 500 புள்ளி. அண்மைப் போட்டிகளில் 700. அதாவது 510 புள்ளி என்று அச்சிட்ட பழைய சான்றிதழ் ஒரு நல்ல கைவேலைக்காரனுடையது. அதே எண் இன்றைய சான்றிதழில் இருந்தால் நிலைமை வேறு. ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முதலிரண்டு பேருக்கிடையே புள்ளி வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்தால் இருவருக்குமே தங்கம் கொடுத்துவிடுவார்கள். எனவே ஒரு தொழிலுக்கு ஒரு தங்கம்தான் இருக்கும், இரண்டாவது போலி என்று முடிவுகட்டுவதும் தவறு.

இவையெல்லாம் ஒருபுறம். என்னை உண்மையில் எழுதத் தூண்டியது, செய்த வேலையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான். போட்டி நான்கு நாள் நடக்கிறது. செய்ய வேண்டிய பொருளின் அளவுகளைக் காட்டும் ஒரே வரைபடம், ஒரே அளவு பொருள், ஒரே நேரம். பல தொழில்களில் வேலையை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, போட்டி நெருங்கும்போது அதில் ஏறத்தாழ முப்பது சதவீதத்தை மாற்றிவிடுவார்கள். மனப்பாடமாகப் பழகிவந்தவன் அங்கேதான் தடுமாறுவான். வெல்டிங்கில் தகடுகளையும் குழாய்களையும் இணைத்து ஓர் அழுத்தக் கலன் செய்ய வேண்டும். அதில் நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிப்பார்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் புள்ளி போய்விடும். மேலே கடைசியாகப் படியும் வெல்டைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்து அழகுபடுத்த அனுமதி இல்லை. கை எப்படி ஓடியதோ அப்படியே நடுவர் முன் கிடக்கும். சோதனைத் துண்டுகளை எக்ஸ்ரே எடுத்தோ உடைத்தோ பார்ப்பார்கள். வெல்டின் அடியோட்டம், அதாவது அடியில் ஓடும் முதல் அடுக்கு, முழுதாக ஊடுருவியிருக்கிறதா, உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறதா, விளிம்பு அரிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. ஒரு வெல்டர் அந்தத் துண்டைக் கையில் வாங்கினால், அதைச் செய்தவன் எந்த இடத்தில் மூச்சை அடக்கினான், எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்று சொல்லிவிடுவார். பதக்கத்தைப் பார்த்து அவரால் என்ன சொல்ல முடியும்?

ஆனால் அந்தத் துண்டுதான் மிஞ்சுவதில்லை. கொத்தனார் மில்லிமீட்டர் சுத்தமாக எழுப்பிய சுவரை, அளந்து முடித்தபின் இடித்துவிடுகிறார்கள். கேக் அலங்காரமும் சிகையலங்காரமும் பூ அலங்காரமும் அதே வாரத்தில் காணாமல் போகின்றன. தச்சு வேலையும் நகை வேலையும் தப்பிக்க வாய்ப்புண்டு. ஆக, பெரும்பாலான தொழில்களில் வேலைக்குச் சாட்சியாக நிற்பது காகிதம்தான்: வரைபடம், மதிப்பெண் தாள், மேசையருகில் எடுத்த நாலைந்து புகைப்படங்கள், பயிற்சிக் காலத்துக் குறிப்பேடு. வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவதும் இவைதான். பதக்கம் கண்ணாடிப் பேழையில் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தடகள வீரர் நான்கு ஆண்டு கழித்து மறுபடி ஓடலாம். இங்கே ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான். பெரும்பாலான தொழில்களில் வயது வரம்பு 22. சிலவற்றில் மட்டும் 25. அந்த நான்கு நாளின் காகிதங்கள் தொலைந்தால், இன்னொரு போட்டியின் காகிதம் என்று ஒன்று அவரிடம் இருக்காது.

சட்டையில் குத்தும் பின்கள், தொப்பிகள், அடையாள அட்டைகள், அணிகளின் மேலங்கிகள் ஆகியவற்றைச் சேகரிப்பவர்களோடு எனக்குப் பகையில்லை. போட்டியாளர்களும் நிபுணர்களும் தங்கள் நாட்டுப் பின்களைக் கொடுத்து மற்ற நாட்டுப் பின்களை வாங்கிக்கொள்வது இனிமையான பழக்கம். மொழி தெரியாதவர்களுக்குப் பேச்சைத் தொடங்க அது போதும். ஆனால் பின் என்பது நூற்றுக்கணக்கில் அடிப்பது. அடையாள அட்டைக்கு அதைவிட மதிப்புண்டு. அதில் பெயரும் தொழிலும் ஆண்டும் ஒன்றாக இருப்பதால் பெயரில்லாத பதக்கத்துக்கு அதுவே துணைச் சாட்சி. இரண்டையும் பிரித்து விற்பவர்களை என்ன சொல்வது!

ஊர்ப் பெயரையும் குறித்துவைப்பது நல்லது. 2021இல் ஷாங்காயில் நடக்கவிருந்த போட்டி பெருந்தொற்றால் 2022க்குத் தள்ளிப்போனது. பிறகு அதுவும் ரத்தாகி, 15 நாடுகளில் தொழில்வாரியாகப் பிரித்து நடத்தப்பட்டது. 2022 என்று மட்டும் எழுதிவைத்தால், எந்த ஊரில் வென்றது என்று முப்பது ஆண்டு கழித்து யாருக்குத் தெரியும்? அதே ஷாங்காயில் 2023இல் வேர்ல்ட்ஸ்கில்ஸ் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், ஆற்றங்கரையில் ஒரு பழைய பண்டகசாலைக் கட்டிடத்தில். பல நாடுகள் பொருள்களை அனுப்பியிருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் எல்லா வீட்டுப் பெட்டிகளும் அங்கே போய்ச் சேரப்போவதில்லை. வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத்தான் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷைப் பதக்கத்தில் தொடவே கூடாது. பொன்முலாம் மெல்லியது, இரண்டு துலக்கலில் அடியிலுள்ள உலோகம் தெரியத் தொடங்கிவிடும். வெண்கலத்தில் படிந்த பழுப்பு அழுக்கல்ல, அதை விட்டுவிடலாம். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் வேதிப்பொருளைக் கசியவிட்டு உலோகத்தில் பச்சை பிடிக்கச் செய்யும். பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையே நல்லது. ரிப்பனை வெயிலில் தொங்கவிட்டால் சாயம் வெளுக்கும். வரைபடத்தை லேமினேட் செய்யக் கூடாது, மடிக்காமல் அமிலமில்லாத காகித உறையில் தட்டையாக வைத்தால் போதும். புகைப்படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாமல், மென்மையான பென்சிலால் பெயர், தொழில், ஊர், ஆண்டு எழுத வேண்டும். வென்றவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இந்த வரிசையில் அடுத்த கட்டுரை வருமானால், ஒரேயொரு போட்டி வரைபடத்தையாவது முழுப் பக்கத்தில் அச்சிடுங்கள். அதன் அளவுகளைப் படித்துப் பார்க்க எங்களைப் போன்றவர்கள் காத்திருக்கிறோம். பதக்கங்களையும் போடுவதாக இருந்தால், பின்பக்கத்தையும் விளிம்பையும் சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். தொழிலின் பெயரோ ஆண்டோ பொறித்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடந்த இதழில் வந்த எல்லாப் படங்களும் முன்பக்கம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்