நகாடாவின் கோட்டும் நகாடாவின் ஆட்டமும்

அன்புள்ள ரங்கநாதனுக்கு,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே இருக்க வேண்டும். இத்தனை மாதம் எழுதாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள்.

தங்கை மகன் நேற்று இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைக் காட்டி, “மாமா, இந்த மாடல் முன்பு கால்பந்தும் ஆடுவாராமே?” என்று கேட்டான். பார்த்தால், ஜப்பான் கால்பந்து வீரர், நம் ஹிடெடோஷி நகாடா! கறுப்புக் கண்ணாடி, தோளில் பை, நீண்ட கோட்டு. அவர் ஐரோப்பிய ஆடை அணிவகுப்புகளுக்குச் சென்ற காலத்துப் படங்களை இன்றைய பிள்ளைகள் தேடித் தேடிச் சேர்க்கிறார்களாம். அவர் ஓய்வுபெற்ற 2006-இல் இவன் பிறக்கவே இல்லை.

“உங்கள் ஆள் கண்ணாடிக்கு முன்னால்தான் நன்றாக ஆடுவார்” என்று நம் மாஸ்டர் அன்று கேலியாகச் சொன்னதை நினைத்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் எனக்கு ஆறவில்லை. 1998-இல் இத்தாலியின் பெருஜியா அணிக்காக இறங்கிய முதல் லீக் ஆட்டத்திலேயே யுவெண்டஸுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர் அவர். 2001 மே 6 அன்று டூரினில் அதே யுவெண்டஸிடம், அவர் அப்போது ஆடிய ரோமா அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது, அணியின் நட்சத்திரம் டோட்டியை வெளியே அழைத்து இவரை இறக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள வீரர்களுக்கான வரம்பு சில நாள்களுக்கு முன்னர்தான் நீக்கப்பட்டிருந்ததால் அன்று அவரால் ஆட முடிந்தது. தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போயிற்று. இறுதி நிமிடங்களில் அவர் அடித்த இன்னொரு பந்தைக் கோல்காப்பாளர் தட்டிவிட, ஓடிவந்த சக வீரர் மோன்டெல்லா அதைக் கோலாக்கினார். ஆட்டம் சமன், அந்த ஆண்டு இத்தாலிய லீக் பட்டம் ரோமாவுக்கு. இந்தக் காட்சியும் இணையத்தில் சுற்றத்தான் செய்கிறது. ஆனால் இவன் கண்ணில் முதலில் பட்டது கோட்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செய்தியாளர்கள் தம் சொற்களைத் திரிக்கிறார்கள் என்ற மனக்குறையில், விளையாட்டு வீரர்கள் பலர் இணையத்தை எட்டிப் பார்க்காத 90-களிலேயே சொந்தத் தளம் தொடங்கி ரசிகர்களுக்கு நேரடியாக எழுதியவர் நகாடா. 2006 உலகக் கோப்பையில், ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஜப்பான் பிரேசிலிடம் 4-1 எனத் தோற்றபின் மைதான நடுவில் மல்லாந்து கிடந்தாரே, அது ஏனென்று உலகத்துக்கு விளங்கியதும் சில நாள் கழித்து, ஜூலை 3 அன்று அந்தத் தளத்தில் ஓய்வை அறிவித்தபோதுதான். அப்போது அவருக்கு வயது 29. தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதமாக இருந்தவரைப் பற்றி, இன்று முகமறியாதவர்கள் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அவர் தளர்ந்து ஆடியதை யாரும் பார்க்கவில்லை என்பதும் இந்தப் புகழுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அவரோடு ஜப்பானுக்காக ஆடிய உன் ஷின்ஜி ஓனோவோ 2023 டிசம்பர் வரை, 44 வயதிலும் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார். காலில் பந்தைக் கொஞ்சுவதில் ஓனோவே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன் (இதை பாஸ்கரனிடம் காட்டாதே). ஆனால் ஒரு கூட்டத்தை ஈர்ப்பது வேறு திறமை.

நகாடாவுக்கு இவை பற்றியெல்லாம் கவலையே இருப்பதாகத் தெரியவில்லை. ஜப்பானின் 47 மாகாணங்களையும் சுற்றி, அரிசி மதுவான சாகே வடிப்பவர்களைச் சந்தித்து, 2015-இல் அதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கிவிட்டார். கவலை எனக்குத்தான்.

டூரின் ஆட்டத்தின் காணொளியைப் பையனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஓனோவின் ஆட்டங்களில் எதைக் காட்டலாம் என்று நீ எழுது. நெதர்லாந்தின் ஃபெயெனூர்டு அணியில் அவர் ஆடிய காலத்ததாக இருந்தால் நல்லது. அண்ணியாருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சிவராமன்