பிபிஏ படிக்கிற மாப்ளைக்கு ரியல் அனாலிசிஸ் எதுக்கு?

மாப்ள,

நேத்து ராத்திரி அனுப்புன வாய்ஸ் நோட்ட காலைல தான் கேட்டேன். ரியல் அனாலிசிஸ் (கால்குலஸ அடியில இருந்து நிரூபிச்சு காட்டுற கணக்கு), குரூப் தியரி (சமச்சீர ஆராயுற கணக்கு) எல்லாம் தெரியாம பிசினஸ் டிகிரி வாங்கி பிரயோஜனமே இல்லன்னு சீனியர் ஒருத்தன் பயமுறுத்தினானாமே. ஃபோன்ல சொன்னா பாதில கட் பண்ணிடுவ, அதான் எழுதுறேன்.

தேவையில்லடா.

உங்கப்பா போன வருஷம் ஒரு லட்சம் லோன் போட்டாருல்ல, 12 பர்சென்ட் ஃப்ளாட், 12 மாசம், மாசம் 9,333 ரூபா. அசல் மாசாமாசம் குறைஞ்சுட்டே வருது ஆனா வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு லட்சத்துக்கு, குறையுற அசலுக்குன்னு போட்டு பாத்தா 21 பர்சென்ட்டுக்கு மேல வருது. அத கண்டுபிடிக்க போடுற சமன்பாடு 12வது படி, அதாவது x-ஓட பவர் 12 வரைக்கும் போகும். நாலாவது படிக்கு மேல போனா, வர்க்கமூலம் மாதிரி மூலங்கள வெச்சு எழுதுற பொதுவான ஃபார்முலாவே கிடையாதுன்னு ஏபெல்ங்கிற நார்வேக்காரர் 1824லயே நிரூபிச்சுட்டார், ஏன் கிடையாதுங்கிறதுக்கு தான் உன் சீனியரோட குரூப் தியரி. அழகான விஷயம், நான் இல்லங்கல. ஆனா எக்ஸெல் என்ன பண்ணுது? ஒரு வட்டிய குத்துமதிப்பா வெச்சு, எவ்ளோ இடிக்குதுன்னு பாத்து, திருத்தி திருத்தி நெருங்குது, அவ்ளோதான். உங்கப்பாவுக்கு ஏபெல் தேவைப்படல, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா"ன்னு கேக்க ஒரு ஆள் தான் தேவைப்பட்டுச்சு.

உனக்கு வேண்டியதுல முக்கால்வாசி ப்ளஸ் டூ பிசினஸ் மேத்ஸ் புக்லயே இருந்துச்சுடா, ப்ராபபிலிட்டி, சாம்ப்ளிங், டிரான்ஸ்போர்ட்டேஷன் ப்ராப்ளம்னு. நீ தான் எல்லாத்தையும் அஞ்சு மார்க் கொஸ்டினா மனப்பாடம் பண்ணி எக்ஸாம் ஹால்லயே விட்டுட்டு வந்த.

பின்னாடி எகனாமிக்ஸ்ல பிஹெச்டி போறேன்னா கதை வேற, அங்க ரியல் அனாலிசிஸ் பெரும்பாலும் எதிர்பார்ப்பாங்க. ஷேர் மார்க்கெட் ஆப்ஷனுக்கு (பின்னாடி ஒரு ஷேர இன்ன விலைக்கு வாங்கவோ விக்கவோ இப்பவே வாங்கி வெக்கிற உரிமை) விலை போடுற வேலைக்கும் கனமான கணக்கு வேணும். அதுக்கு நோபல் வாங்கின ஷோல்ஸும் மெர்ட்டனும் பார்ட்னரா இருந்த ஃபண்டே 1998ல, பரிசு வாங்கின மறு வருஷமே, கவுந்துச்சுங்கிறது தனிக்கதை. அந்த பக்கம் பாரு, ராமானுஜன் 1912ல மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்ட்ல அக்கவுண்ட்ஸ் கிளார்க், மாசம் 30 ரூபா, அந்த லெட்ஜருக்கு அவரோட கணக்கெல்லாம் எங்க வேணும்!

பிடிச்சு படிக்கிறேன்னா தாராளமா படி, ஒருத்தன் மிரட்டுனான்னு படிக்காத. பொங்கலுக்கு வர்றப்ப லேப்டாப் எடுத்துட்டு வா, அந்த லோன் பேப்பரையும் அக்காகிட்ட வாங்கி வை. ப்ராசஸிங் ஃபீஸ் வேற பிடிச்சிருப்பான், அதையும் சேத்தா எவ்ளோ வருதுன்னு நீயே போட்டு காட்டு.

மாமா