ரீரன் போட்டால் பச்சையாயிடும்

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், அதான் தாமதம். இப்போது கம்பு இல்லாமலே நடக்கிறார்கள். நேற்று உன்னை விசாரித்தார்கள், "அந்த ஒல்லிப் பையன் இன்னும் கம்ப்யூட்டர்லதான் இருக்கானா?" என்று.

வெப்சைட்டைத் தானாகச் சோதிக்கும் டூல்களில் செலினியமா, சைப்ரஸா, பிளேரைட்டா, எதை எடுப்பது என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எங்கள் கதையைக் கேள்.

எங்களிடம் 600 சொச்சம் செலினியம் டெஸ்ட். எல்லாமே பிரவுசரைத் திறந்து, லாகின் செய்து, கிளிக் கிளிக்காகப் போகிற ரகம். ராத்திரி மூன்று மணி நேரம் ஓடும். காலையில் வந்து பார்த்தால் இருபது, முப்பது சிவப்பு (தேறாத டெஸ்ட்; தேறினால் பச்சை). "ரீரன் போடு (அதாவது திரும்ப ஓட்டு), பச்சையாயிடும்" என்பது ஆபீஸில் வேதவாக்கு. பெரும்பாலும் ஆகியும்விடும், வினையே அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை ரீரனுக்குப் பிறகும் ஒன்று சிவப்பாகவே நின்றது. "அது எப்பவும் அப்படித்தான்" என்று ரிலீஸ் பண்ணிவிட்டோம். திங்கட்கிழமை அக்கவுன்ட்ஸ் ஆள் வந்தார்: கூப்பன் தள்ளுபடி இரண்டு முறை கழிந்திருக்கிறது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பழியைச் செலினியத்தின் மேல் போடத்தான் முதலில் தோன்றியது. பாவம், அது என்ன செய்யும்? 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் எழுதியது. (மெர்க்குரி என்ற போட்டிக் கம்பெனியைக் கிண்டலடிக்க, பாதரச விஷத்துக்கு முறிவு செலினியம் என்று வைத்த பெயராம்!) குற்றம் எங்களுடையது. பக்கம் வரும்வரை காத்திருக்க எங்கு பார்த்தாலும் ஐந்து வினாடி ஸ்லீப், அதாவது பக்கம் வந்ததா என்று பார்க்காமல் சும்மா நிற்பது. நெட் மெதுவானால் அதுவும் போதாது. பட்டனைத் தேட முழ நீள எக்ஸ்பாத், அதாவது பக்கத்தில் எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி என்று சொல்லும் முகவரி. டிசைனர் ஒரு டிவ் (அப்படி ஒரு பெட்டி) சேர்த்தால் பத்து டெஸ்ட் விழும். போதாக்குறைக்கு எல்லா டெஸ்ட்டுக்கும் ஒரே யூசர். ஒன்று போட்ட கார்ட்டை இன்னொன்று காலி செய்யும்.

ஆறு மாதம் உட்கார்ந்து மாற்றினோம். டூலைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு டெஸ்ட்டையும் எடுத்து, "இதற்குப் பிரவுசர் எதற்கு?" என்று கேட்டோம். கூப்பன் கணக்குக்கு எதற்கு? அது ஒரு ஃபங்ஷன், கோடில் ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டை மட்டும் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்டாக எழுதினால் நூறு விதமாகச் சோதித்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஸ்டாக் குறைகிறதா என்பது ஏபிஐ-யிடம் (சர்வரோடு புரோகிராம்கள் பேசும் வாசல்) நேரே கேட்க வேண்டியது. கடைசியில் பிரவுசருக்கென்று மிஞ்சியது நாற்பதுதான்: லாகின், தேடல், கார்ட், பேமென்ட், பில்.

அந்த நாற்பதைத்தான் பிளேரைட்டுக்குக் கொண்டுபோனோம். கிளிக் செய்வதற்கு முன் பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று அதுவே பார்த்துக் காத்திருக்கிறது, ஸ்லீப்பெல்லாம் போயிற்று. எக்ஸ்பாத்துக்குப் பதிலாக 'பணம் செலுத்து' என்ற பெயருள்ள பட்டன் என்று, மனிதன் தேடுகிற மாதிரியே தேடலாம். விழுந்த டெஸ்ட்டின் டிரேஸைத் திறந்தால் ஒவ்வொரு அடியிலும் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியும். அதைப் பார்த்த பிறகு யாரும் ரீரன் கேட்பதில்லை. ஒன்று மட்டும் கவனம்: அதிலுள்ள வெப்கிட் பிரவுசரும் ஐபோன் சஃபாரியும் அச்சு அசலாக ஒன்றல்ல. பேமென்ட்டை நிஜப் போனில் கையாலும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

சைப்ரஸையும் ஒரு வாரம் பார்த்தோம். எழுதச் சுகம். ஆனால் அது பிரவுசருக்கு உள்ளேயே ஓடுவதால் இரண்டு டேபை ஒருசேர ஆட்டுவிக்க முடியாது. எங்கள் பில் புது டேபில் திறக்கிறது, அதோடு விட்டுவிட்டோம்.

உன் டீமில் எல்லோரும் ஜாவா ஆட்கள், கையில் ஏற்கெனவே செலினியம் இருக்கிறது என்கிறாய். அப்படியென்றால் அவசரப்பட்டு மாற்றாதே. முதலில் ஸ்லீப்பைத் தூக்கிவிட்டு வெயிட் (வேண்டியது வரும்வரை மட்டும் காத்திருப்பது) போடு, டெஸ்ட்டுக்கு ஒரு யூசர் கொடு. பாதிச் சிவப்பு அதிலேயே போய்விடும். அதற்கும் மேல் மாற்றத்தான் வேண்டும் என்றால், பிளேரைட்டை ஜாவாவிலும் எழுதலாம், பயப்படாதே.

உங்கள் டெஸ்ட் மொத்தம் எத்தனை, அதில் பிரவுசர் திறப்பது எத்தனை என்று எண்ணி எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாய்தானே? வரும்போது அம்மாவுக்கு அந்த மணப்பாறை முறுக்கு.

உன்
பழைய ரூம்மேட்