முற்றத்துப் பாசியும் செல்லப் பிராணிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும் மட்டக்களப்பில் கல் பதித்த முற்றங்கள் பலவற்றில் குளோரின் மணம் வீசத் தொடங்கிவிடுகின்றது. கார்த்திகையிலும் மார்கழியிலும் இன்டர்லொக் கற்களின் மேல் படர்ந்த பச்சைப் பாசியில் முதியவர்களும் பிள்ளைகளும் வழுக்கி விழுவதால் அதனை அகற்றத்தான் வேண்டும். ஆனால், குளோரின் தூளையும் கழிவறை கழுவும் அசிட்டையும் வாளி வாளியாகக் கரைத்து ஊற்றும் வழக்கம், அதே முற்றத்தில் உலாவும் நாய், பூனை, கோழிகளுக்கு என்ன கேட்டினை விளைவிக்கின்றது என்பதைத் தங்கள் பத்திரிகையின் வாயிலாக வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகின்றேன்.

ஈரக் கல்லில் நடந்து வந்த பூனை, படியில் அமர்ந்து, முன்காலைத் தூக்கி, விரல்களை விரித்து, ஒவ்வோர் இடுக்கையும் நாக்கினால் துப்புரவாக்கும். கல்லில் ஊற்றிய மருந்து இவ்வாறே அதன் வாய்க்குள் போகின்றது. பென்சல்கோனியம் குளோரைட் கலந்த பாசிநீக்கிகளுக்குக் குளோரினைப் போன்ற காரமான நெடி இல்லாததால் பலரும் அவற்றைத் தீங்கற்றவை என்று நம்புகின்றனர். ஆயினும் அவை பூனையின் நாக்கிலும் வாயிலும் புண்ணை உண்டாக்கக்கூடியவை. எச்சில் வடிதல், தீனைத் தொடாதிருத்தல், காய்ச்சல் ஆகிய அறிகுறிகள் சில மணித்தியாலங்கள் கழித்தே தென்படலாம் என்பதால், காலையில் முற்றம் கழுவியதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நாய்களோ கற்களுக்கிடையே தேங்கிய நீரையே குடித்துவிடுகின்றன. இரசாயனம் வேண்டாமென்று உப்பைக் கொட்டுகின்றவர்களும் உள்ளனர். கோழிக் குஞ்சுகள் உப்பு நீரைத் தாங்கமாட்டா.

குளோரினையும் அசிட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். நாய் வழமையாகச் சிறுநீர் கழிக்கும் மூலையில் குளோரின் பட்டாலும் மூச்சை அடைக்கும் வாயு உண்டாகும். அசிட்டும் வினாகிரியும் சீமெந்துக் கல்லின் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்குவதால், அடுத்த மாரியில் பாசி முன்னைவிட இறுகப் பற்றிக்கொள்ளும். எங்கள் கரையோர மணல் நிலத்தில் கிணறுகள் ஆழம் குறைந்தவை. முற்றத்தில் ஊற்றுவது எங்கே இறங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான முற்றங்களுக்குக் கொதிநீரும் ஆற்றுமணலும் கட்டையான தும்புத்தடியும் போதும். பிராணிகளை வீட்டினுள்ளே அடைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பாய் அளவு இடத்தில் மட்டும் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டால் பாசி தளர்ந்துவிடும். பின்னர் மணலைத் தூவி அழுத்தித் தேய்த்து, திரளும் பச்சைச் சேற்றை வடிகானுக்குள் தள்ளாமல் சவளால் அள்ளி அகற்றுதல் நன்று. கற்களின் இடுக்கிலிருந்து கழன்ற மணலுக்குப் பதிலாகப் புதுமணல் இட மறக்கக்கூடாது. வாடகைக்குக் கிடைக்கும் உயரழுத்த நீர் இயந்திரம் வேலையை விரைவில் முடித்துத் தரும் என்பது உண்மையே. ஆனால் இடுக்கு மணலை முழுவதுமாகக் கிளப்பிவிடுவதால் நான் அதனைப் பரிந்துரைக்கமாட்டேன். நிழலும் ஈரமும் நீங்காத வரையில் பாசி மீண்டும் வரும். மாமரத்தின் தாழ்ந்த கிளையை வெட்டுதல், பீலியின் ஒழுக்கை அடைத்தல், பூச்சாடிகளைக் கல்லின் மேலிருந்து எடுத்தல் என்பன எந்த மருந்தையும்விட நெடுநாள் பயன் தரும். வெண்மணல் பரப்பிய பழைய வாசல்களில் இந்தத் தொல்லையே இருக்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

குளோரின்தான் வேண்டுமென்றால், மழையில்லாத காலையில் உறையில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்படாமல் கரைத்து, தீன் பாத்திரங்களையும் தண்ணீர்ச் சட்டியையும் முன்கூட்டியே அகற்றி, பின்னர் ஏராளமான நீரால் அலசி, கல் முழுவதும் காய்ந்த பின்னரே பிராணிகளை வெளியே விட வேண்டும். தவறி மிதித்துவிட்டால், நக்குவதற்கு முன் பாதங்களைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவுதல் அவசியம். உட்கொண்டிருந்தால் வாந்தியெடுக்க வைக்காமல், மருந்தின் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் போத்தலில் பெயரே இல்லாதிருந்தால் வைத்தியரால் என்ன செய்ய முடியும்? அசிட்டையும் பாசி மருந்தையும் பழைய சோடாப் போத்தல்களிலும், குளோரின் தூளைப் பொலித்தீன் பைகளிலும் அடைத்து எவ்விதக் குறிப்புமின்றி விற்கும் கடைகள் உள்ளன. இவற்றின் பெயர், கலக்கும் அளவு, பிராணிகளை விலக்கி வைக்க வேண்டிய நேரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டாமல் விற்க அனுமதிக்கக்கூடாது என்று உள்ளூராட்சி மன்றங்களையும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையையும் கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.