திலகவதியாரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கை கெட்டால் பக்தி கெடும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் யாருடன் பழகுகிறார்கள் என்று பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பது சரி. அதற்குத் திருநாவுக்கரசர் சமணர்களோடு சேர்ந்ததை உதாரணம் காட்டியதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சேக்கிழார் சொல்கிறபடி, திருவாமூர் மருள்நீக்கியார் (நாவுக்கரசரின் இயற்பெயர்) யாரோ இழுத்துப் போய்க் கெட்டவர் அல்ல. பெற்றோர் போய்விட்டார்கள். அக்கா திலகவதியாருக்குப் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். வாழ்க்கை நிலையில்லாதது என்று கண்டு, வழி தேடித்தான் பாடலிபுத்திரத்துச் சமணர்களிடம் போனார். இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் அது. அங்கே நன்றாகக் கற்று, தருமசேனர் என்ற பெயரும் பெற்றார். இதைக் 'கெட்ட சகவாசம்' என்று எழுதினால், மேல்சித்தாமூர்ப் பக்கம் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்கள் படித்து என்ன நினைப்பார்கள்?

கட்டுரை ஒரு வரியில் தாண்டிப் போன திலகவதியாரிடம்தான் விஷயமே இருக்கிறது. தம்பிக்காகவே உயிரை வைத்திருந்தவர் அவர். தம்பி போன பிறகு அங்கே போய் வாதாடவில்லை, உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டு, தம்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தார். சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலி முற்றி மந்திரமும் மயிற்பீலியும் கைகொடுக்காதபோது தருமசேனர் சமையற்காரரை அக்காவிடம் அனுப்பினார். சமணர்கள் இருக்கும் அந்த இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டதும் உண்மைதான். ஆனால் தம்பி இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபோது, ஏன் போனாய் என்று கேட்காமல் திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். நம் வீடுகளில் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம். கோயிலுக்கு வராத பையனை நாலு பேர் முன்னால் நாத்திகன் என்று சொல்லிக் காட்டிவிட்டு, அப்புறம் அவன் ஏன் திரும்பி வரவில்லை என்று வருந்துகிறோம்.

திரும்பி வந்தவரும் தனியாக இருக்கவில்லை. சீகாழியில் சம்பந்தர் அவரை 'அப்பரே' என்றார். திருப்புகலூரில் முருக நாயனாரின் மடத்தில் சம்பந்தர், சிறுத்தொண்டர், திருநீலநக்கர் எல்லோரும் அவரோடு கூடியிருந்தார்கள். திங்களூர் அப்பூதியடிகள் இன்னும் ஒரு படி மேல். அப்பரை நேரில் பார்க்கும் முன்பே பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரை வைத்துவிட்டார்.

இந்த மாதிரிக் கூட்டம் இன்று எங்கே கிடைக்கும் என்றால், எனக்குத் தெரிந்து, கோயில்களைச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக் குழுக்களில்தான். ஞாயிற்றுக்கிழமை பழைய கோயிலில் புல் செதுக்க வருகிறவனை, உனக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று யாரும் பரீட்சை வைப்பதில்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் போதும். மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது யாராவது ஒரு பதிகம் பாடுவார். நண்பனோடு சும்மா வந்தவன் அடுத்த முறை தானாகவே வருவதைப் பார்த்திருக்கிறேன். பக்தி வாட்ஸ்அப் குழுக்களில் பிற மதத்தாரைத் திட்டிக் காலையில் வரும் செய்திகளைவிட இது எவ்வளவோ மேல்.

யாருடன் சேரக்கூடாது என்று நிறைய எழுதியாகிவிட்டது. மாவட்டவாரியாக எந்தக் கோயிலில் எப்போது உழவாரப்பணி நடக்கிறது என்ற விவரத்தை மாதந்தோறும் அரைப் பக்கமாவது வெளியிட முடியுமா? வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அனுப்பி வைக்க உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பண்ருட்டி