கொம்பனைப் பார்சல் போடுகிறேன்

அம்மிணிக்கு,

போனில் நீ கேட்டபோது சரி சரி என்று வைத்துவிட்டேன். அம்மா பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், அவளை வைத்துக்கொண்டு இதெல்லாம் எப்படிப் பேசுவது? அதுதான் எழுதுகிறேன். டப்ளினில் சனிக்கிழமை ராத்திரி கூடி விளையாடுகிற உன் ஆபீஸ் ஆட்களுக்கு அடுத்த மாதம் நீதான் கதை நடத்தணும், நம்ம பழைய விளையாட்டுப் பெட்டியும் விதி நோட்டும் வேண்டும் என்றாய். அட்டாலியில் இருந்து இறக்கிவிட்டேன். எலி நோட்டின் ஓரத்தை மட்டும்தான் தின்றிருக்கிறது, விதியெல்லாம் பத்திரம்.

அவர்கள் ஆடுவது 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு அமெரிக்கர்கள் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசை மேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திச் சண்டை போடுகிற விளையாட்டிலிருந்து கிளைத்தது என்று நீ அனுப்பின வீடியோவில் பார்த்தேன். அப்போது எனக்கு இந்தப் பேரெல்லாம் யாருக்குத் தெரியும். பெங்களூரில் இருந்து லீவுக்கு வந்த உன் மாமன் பையன் ஒரு இருபது முகப் பகடையைக் காட்டி, ஒருத்தர் கதை சொல்லணும், மற்றவர்கள் அதற்குள் ஆளாக நடந்து என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லணும், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும் என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு, பகடையையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். மீதியை நாம்தான் கட்டினோம்.

2012 உனக்கு ஞாபகம் இருக்கும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலே கரண்ட் இல்லை. தறி நின்றால் எனக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. நீ எட்டாவது, தம்பி நாலாவது, அவன் இருட்டு என்றால் என் வேட்டியை விடமாட்டான். உங்கள் கற்பனை வளரட்டும் என்றெல்லாம் நான் ஆரம்பிக்கவில்லை, சும்மா உட்கார்ந்தால் கடன் கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது.

பொம்மைகளை முதலில் ஏரி மண்ணில் செய்தோம். காய்ந்ததும் கை தனி, தலை தனி. அப்புறம்தான் குழாய் ஒழுகல் அடைக்கிற எம்-சீல். இரண்டு கட்டியையும் ஒரே நிறமாகிற வரைக்கும் பிசையணும், எரிந்துபோன தறி மோட்டாரில் இருந்து உருவின வைண்டிங் கம்பியை ஆள் மாதிரி முறுக்கி அதன் மேல் அப்பணும், இறுகுவதற்குள் ஈரக்கையால் மூக்கு முழி எடுத்துவிடணும். சோடா மூடிக்குள் காலைப் புதைத்தால் ஆள் விழமாட்டான். உன் தங்காள் பொம்மை மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் நிற்கிறாள், இறுகும்வரை பொறுக்காமல் தூக்கிப் பார்த்தாயே, அதனால்தான். நூல் கோனைக் கவிழ்த்து மந்திரவாதி கோபுரம், முனை தேய்ந்த பழைய தறி நாடாதான் படகு. காட்டுப்பன்றி கொம்பனுக்கு முதுகு மயிர் செருப்புப் பிரஷ், இரண்டு கொம்பும் வெள்வேல முள். விற்காமல் ஒதுக்கின கட்டம் போட்ட போர்வைதான் பூமி, ஒரு கட்டத்துக்கு ஓர் அடி வைப்பு. அதில் ஓரிடத்தில் ஊடை விட்டுப்போய்க் கோடு விழுந்திருந்ததே, அதைத்தான் நொய்யல் ஆறு என்று வைத்தோம்.

கதைக்கு நான் அப்பாரு சொல்கிற அண்ணன்மார் கதையைத்தான் எடுத்துக்கொண்டேன், பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள், காட்டுப்பன்றி கொம்பன் எல்லாம் அதில் ரெடியாக இருந்தார்கள். ஆனால் பூதங்கள் புதுசாக வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதி வைத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. பாசனத்துக்கென்று 1992ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்க் குட்டையாகிப்போனதை அப்பாரு திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுத் தம்பி திடீரென்று சாயப்பூதம் வருகிறது என்றான். தினம் ஒரு நிறமாம். அன்றைக்கு எந்த நிறமோ அந்த நிறத் துணியைப் போர்த்திக்கொண்டால் அதன் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோமாம். என் மூன்று பக்கத்தையும் அன்றைக்கே அடுப்பில் போட்டேன். நீயும் கதையை நிறைய எழுதிக்கொண்டு போகாதே, ஊரும் ஆபத்தும் தெரிந்தால் போதும், மற்றதை அவர்களே இழுத்துக்கொண்டு வருவார்கள்.

பகடை விஷயம். நம்மிடம் இருந்தது ஆத்தாவின் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. நான் பெரிய எண் என்றால் கஷ்டம், அவ்வளவுதான் கணக்கு என்று, கொம்பனை அடிக்க ஆறோ அதற்கு மேலோ போடணும் என்று விதி வைத்தேன். இரண்டு ராத்திரி ஆடியும் அதன் மேல் ஒரு கீறல் விழவில்லை. நீதான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டினாய்: ஒரு கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் முகம். இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழும். அதில் மூணுதான் அதிகம், நாலு விதம். ஆறுக்கு ஒரே விதம், இரண்டு வெறும் முகமும் சேர்ந்து விழுகிற பன்னிரண்டுக்கு ஒரே விதம். அப்போ 16க்கு 2தான் அப்பா என்றாய். அஞ்சையும் சேர்த்தால் 16க்கு 4. அன்றைக்கே கொம்பனுக்குக் காயம் விழுந்தது. இருபது முகப் பகடையில் எல்லா எண்ணும் 20க்கு 1, அதனால் நோட்டில் இருக்கிற எண்களை அங்கே அப்படியே போட்டுவிடாதே. பேசாமல் அவர்கள் கையிலும் தாயக்கட்டையையே கொடு, கட்டையும் பெட்டியில்தான் இருக்கிறது.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முறத்தை நிமிர்த்தி வைத்து அதன் பின்னால்தான் நான் உருட்டுவேன். அந்த ராத்திரி கொம்பன் தம்பியின் சங்கர் மேல் பாய்ந்தது. பன்னிரண்டு விழுந்தால் சாவு, அது நான் எழுதின விதி. விழுந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரண்டு கட்டையும் மொழுமொழு என்று வெறும் முகம் காட்டிக்கொண்டு கிடந்தன. அவன் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூணு என்று சொல்லிவிட்டுக் கட்டையை அள்ளிவிட்டேன். என் இடதுபக்கம் நீ உட்கார்ந்திருந்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை பேசவில்லை, சோறுகூடச் சரியாகத் தின்னவில்லை.

அடுத்த வாரம் நோட்டில் உன் கையெழுத்தில் புது விதி இருந்தது. ஆள் செத்தால் படுகளம். கூட இருக்கிறவர்களில் ஒருத்தர் நிஜமாகவே எழுந்து, விளக்கு இல்லாமல், தனியாகத் தொட்டிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கணும், தெளித்தால் எழுந்திருப்பார்கள், தங்காள் வந்து அண்ணன்மாரை எழுப்பின மாதிரி. முறத்தின் பின்னால் உருட்டக் கூடாது என்பதும் அதற்குக் கீழேயே இருந்தது, சிவப்பு மையில்.

முதலில் விழுந்தது உன் தங்காள்தான். போகவேண்டியது தம்பி. வாசற்படியில் எத்தனை நேரம் நின்றான் என்று நினைக்கிறாய்! நான் எழுந்திருக்கப் போனேன், நீ என் முழங்காலை அமுக்கிக்கொண்டாய். போனான். தொட்டிப் பக்கம் டம்ளர் இடிக்கிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம், அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை, எனக்கு வயிறு கலக்கிவிட்டது. சட்டையெல்லாம் நனைந்து கால் டம்ளர் தண்ணீரோடு வந்தான், அதையும் தங்காள் மேல் ஊற்றாமல் உன் தலையில் ஊற்றினான். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு இருக்கே, அதை அதற்கு முந்தின வாரமே நீங்கள் இரண்டு பேரும் மாற்றிச் சிரித்திருக்கலாம், நான்தான் மூணு என்று சொல்லிக் கெடுத்தேன். நீ அன்றைக்கு வைத்துக்கொண்ட கோபம் சரிதான் அம்மிணி. பதிமூணு வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் போர்வையை அடியில் மடித்து வைத்து, நடுவில் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பனியன் துணியில் சுற்றியிருக்கிறேன். கோன் இரண்டு நசுங்கிவிட்டது, புதுசு வைத்திருக்கிறேன். கொம்பனின் இடது முள் ஒடிந்திருந்தது, நேற்று கொறங்காட்டுக்குப் போய் நாலு முள் ஒடித்துக்கொண்டுவந்து நல்லதாக ஒன்றைப் பார்த்து ஒட்டிவிட்டேன்.

சங்கர் மட்டும் பெட்டியில் இல்லை. கோயம்புத்தூரில் தம்பி ரூமில் மேசை மேல் நிற்கிறான், தரவே மாட்டேன் என்கிறான், ஒரு தடவைகூடச் சாகாத ஆள் அப்பா என்று போனில் பெருமை வேறு. பன்னிரண்டு விழுந்ததை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நீ ஏற்கெனவே சொல்லிவிட்டாயா என்ன?

அப்பா