விரலைக் குறை சொல்லாதே, மாப்ள

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கர் பிடித்து நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. படியேற மட்டும் அவசரப்படுத்தாதே. இங்கே மகள் கோவையில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். சாயங்காலமானால் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நீ கடைசிப் பத்தியில் எழுதியிருந்ததற்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறேன். 'கிட்டார் வாங்கி மூணு வாரமாச்சு, விரல் நுனியெல்லாம் எரியுது, எஃப் கார்டு பிடிச்சா ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிக்காம டப்டப்னுதான் கேக்குது, 48 வயசுல நமக்கு இது வராதுடா.' போன வருஷம் இதையே நான் வீட்டில் சொன்னேன். சொல்லிவிட்டுக் கிட்டாரை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றினேன். இரண்டு மாசம் அங்கேயே கிடந்தது.

குறை உன் விரலிலா, கிட்டாரிலா என்று முதலில் பார்த்துவிடு. ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடு. பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலிருந்து தள்ளி இருக்கும், அது இதற்கு உதவாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் இரட்டைப் புள்ளி இருக்கும் இடத்தில், ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார். தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு இரண்டு இருந்தால் போதும், கூடினால் அழுத்துவது கஷ்டம். என்னுடையதில் நாலுக்கு மேல் இருந்தது! விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் இப்படித்தான் கடையிலிருந்து வருகின்றன. இன்னொன்று, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டிவிட்டு அதே எஃப் வடிவத்தைப் பிடி. சட்டென்று சுலபமாகிவிட்டால் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். எஃப் முதல் ஃப்ரெட்டில் விழுவதால் நட்டின் குறை முழுவதும் அந்தக் கார்டில்தான் தெரியும்.

எனக்கு இதைச் சொன்னவர் ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர். கம்பிகளைத் தளர்த்தி, கிட்டார் உடலில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கச் செருகியிருந்த வெள்ளை சாடிலை உருவி எடுத்தார். அடிப்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. கண்ணாடித் துண்டில் ஒட்டிய உப்புத்தாளில் அதை வைத்து, ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டே பேசினார்: "பன்னெண்டாவது ஃப்ரெட்டு நட்டநடு சார். அங்க ஒரு மில்லி எறங்கணும்னா இங்க ரெண்டு மில்லி தேய்க்கணும்." நட்டின் பள்ளங்களையும் சின்ன அரத்தால் கொஞ்சம் ஆழமாக்கினார். பத்தாம் நம்பர் மெல்லிய கம்பி மாட்டி, சுருதி சேர்த்துக் கையில் கொடுத்தார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எஃப் பிடித்தேன். ஆறு கம்பியும் பேசியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்ள. அத்தனை நாளும் என் விரலையே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபையரோடு 25,000 ரூபாய்க்கு எலெக்ட்ரோ அகூஸ்டிக் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கம்பிச் சத்தத்தை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பிக்கப் எல்லாம் மேடைக்கு. நம் ஹாலுக்கு மரக்கட்டையின் சத்தமே தாராளம். என் கணக்கைச் சொல்கிறேன்: கிட்டார் 3,500, பெரியவருக்கு 600, கம்பி 550, சுருதி பார்க்கும் கிளிப் டியூனர் 350, கேப்போ 300. ஆக 5,300 ரூபாய். அதன் பிறகு மூன்று மாசத்துக்கொரு முறை கம்பி மட்டும்தான் செலவு. வாசித்து முடித்ததும் காட்டன் துணியால் கம்பியைத் துடைத்துவிடு, வியர்வையில் துரு ஏறிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை வைக்காதே. சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

சாதகம் பற்றியும் கேட்டிருந்தாய். ஆரம்பத்தில் நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். விரல் கொப்பளிக்கும், அது ஆறி அடுத்த ஞாயிறு வரும்போது பழையபடி முதலிலிருந்து. இப்போது தினமும் காலை 5:40க்குப் பதினைந்து நிமிஷம். ஒரு மாசத்தில் விரல் நுனி காய்த்துவிட்டது. கிட்டாரை உறையில் வைப்பதே இல்லை, சோபா பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது. கண்ணில் பட்டால்தான் கை போகும்.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் முதல் வேலை, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை சி கார்டிலிருந்து ஜி கார்டுக்கு மாறுகிறேன் என்று எண்ணிப் பழைய டைரியில் எழுதுவது. முதல் நாள் 11. நேற்று 38. நடுவில் 19லேயே பல நாள் நின்றது. ஒருநாள் மிக மெதுவாக மாற்றிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: மோதிர விரல் ஐந்தாவது கம்பியை விட்டு எழும்பி, காற்றில் ஒரு கணம் நின்று, மற்ற விரல்கள் போய்ச் சேர்ந்த பிறகே ஆறாவது கம்பிக்கு இறங்குகிறது. ஒரு வாரம் அந்த விரலை முதலில் அனுப்பிப் பழகினேன், எண்ணிக்கை 27 ஆனது. உனக்கு எந்த விரல் தாமதிக்கிறது என்று பார்த்து எழுது.

ஹாஸ்டல் மொட்டை மாடியில் சீனியர் அண்ணன் கிட்டார் வாசிக்க, நீ பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டுவாயே. உன் தாளம் ஒருநாளும் தப்பியதில்லை. வலது கைக்கு வேண்டியதெல்லாம் உன்னிடம் அப்போதே இருந்தது.

பொங்கலுக்கு உன் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வா. கனுவன்று காலை பெரியவர் கடை திறந்திருக்குமா என்று கேட்டு வைக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ரூம்மேட்